ஐம்பதுக்குள் இருந்த இருபத்தைந்து

அல்சூரில் எங்கள் தெருமுனைக் கடையில் இரண்டு டீ சொன்னால் மூன்று கிளாஸில் கேட்டு வாங்கலாம். பெங்களூரில் இதற்கு ‘டூ பை த்ரீ’ என்று பெயர். அந்தச் சனிக்கிழமை ஒரு கிளாஸ் எனக்கு, ஒன்று மேஸ்திரிக்கு, மூன்றாவது அவருடைய மகளுக்கு. மேஸ்திரி தருமபுரிப் பக்கத்துக்காரர். பக்கத்து வீட்டு மாடியில் ஒரு அறை எழுப்பிக்கொண்டிருந்தார். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். லீவு நாள் என்பதால் அப்பாவோடு வந்து, மணல் குவியலோரம் கணக்கு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சார், நீங்க கணக்கு வாத்தியாரா இருந்தவராமே. இவளுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க. ரூட்டுன்னாலே முகம் சுருங்கிப்போவுது.”

நோட்டைத் திறந்தேன். √50 + √18 = √68 என்று எழுதியிருந்தாள். மேலே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

வகுப்பறையில் இருந்த காலம் முழுக்க நான் மிக அதிகமாகப் பார்த்த பிழை இதுதான். ஒரு நாளும் இதை மடத்தனம் என்று நினைத்ததில்லை. 50-உம் 18-உம் சேர்ந்தால் 68. இரண்டுக்கும் தலையில் ஒரே குறி. அந்தக் குறி கூட்டுத்தொகைக்கும் இருக்கட்டும் என்று ஒரு குழந்தை நினைப்பது இயல்பு. அதன்மேல் ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டால், ‘இதற்கு ஏதோ ரகசிய விதி இருக்கிறது, எனக்கு அது பிடிபடாது’ என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிடும். அந்த முடிவைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. அதனால் டீ ஆறினாலும் பரவாயில்லை என்று ஆரம்பித்தேன்.

“மேஸ்திரி, முப்பது நாற்பது சைட்ல மூலைக்கு மூலை டேப் பிடிச்சா எவ்வளவு வரும்?”

“அம்பது சார்.” யோசிக்கவே இல்லை. இந்த ஊரில் மனை என்றாலே 30க்கு 40 அடிதான் எல்லோர் வாயிலும் வருவது. நூல் கட்டி, சுண்ணாம்புப் பொடி தூவிக் குறி போட்ட பிறகு, மூலை சரியாகச் செங்கோணத்தில் நிற்கிறதா என்று பார்க்க இந்த 50 அடியைத்தான் அவர்கள் நம்புகிறார்கள்.

“அந்த அம்பது எப்படி வந்ததும்மா?” என்று மகளிடம் கேட்டேன். பிதாகரஸ் தேற்றம் அவளுக்குத் தெரியும். 30-இன் வர்க்கம் 900, 40-இன் வர்க்கம் 1600, கூட்டினால் 2500, அதன் வர்க்கமூலம் 50.

“சரி. அந்த மூலையிலேர்ந்து இந்த மூலைக்கு மனையோட விளிம்பிலேயே நடந்து வந்தா?”

“முப்பதும் நாற்பதும் எழுபது.”

“√900 தனியா 30, √1600 தனியா 40. கூட்டினா 70. ரெண்டையும் உள்ளேயே கூட்டி மூலம் எடுத்தா 50. சுத்தி நடக்கிறதும் குறுக்கே நடக்கிறதும் ஒண்ணாகுமா?”

அவள் நோட்டை ஒரு தரம் பார்த்தாள், அப்பாவை ஒரு தரம் பார்த்தாள். மேஸ்திரி சிரித்தார். மூலக் குறிக்குள் இருக்கும் கூட்டலைப் பிரிக்கக்கூடாது என்று பாடப் புத்தகம் சொல்வதன் பொருள் இவ்வளவுதான். சுற்றி வந்தால் 70 அடி, குறுக்கே போனால் 50 அடி.

ஆனால் பெருக்கலைப் பிரிக்கலாம். அது ஏன் என்பதைத்தான் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதற்கும் மேஸ்திரியின் வேலையையே துணைக்கு அழைத்தேன்.

“50 சதுர அடியில ஒரு சதுரமான தரை. √50-ங்கிறது அந்தத் தரையோட ஒரு பக்க நீளம், அவ்வளவுதான். அதுல கல் பதிக்கணும். கல்லும் சதுரம். ஒரு கல்லோட பரப்பு 2 சதுர அடி. எத்தனை கல் வேணும்?”

“இருபத்தஞ்சு.”

“எப்படி அடுக்குவே?”

“அஞ்சு வரிசை, வரிசைக்கு அஞ்சு.”

“அப்போ தரையோட ஒரு பக்கம்?”

“அஞ்சு கல் நீளம்.” சொல்லி முடிக்கும்போதே அவள் குரல் மாறியது. ஒரு கல்லின் பக்கம் √2. ஐந்து கல் நீளம் என்றால் 5√2. 50 என்பது 25 × 2. அதற்குள் இருந்த 25, ஐந்தாக வெளியே வந்துவிட்டது. உள்ளே 2 மட்டும் மிச்சம்.

√18-ஐ அவளே செய்தாள். அதே கல் ஒன்பது, மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று, 3√2. இப்போது இரண்டு தரையையும் ஒரே சுவரை ஒட்டிப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், சுவரோரம் ஐந்தும் மூன்றும் எட்டுக் கல். விடை 8√2. இரண்டும் ஒரே கல்லால் ஆனவை என்பதால்தான் கூட்ட முடிந்தது. √50, √18 என்று எழுதியிருந்தவரை இரண்டும் ஒரே குடும்பம் என்பது கண்ணுக்குத் தெரியவில்லை. சுருக்குவது எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். எண்ணின் மதிப்பு மயிரிழைகூட மாறுவதில்லை. அதன் உறவுக்காரர்கள் யார் என்பது தெரிந்துவிடுகிறது.

√68 ஏறக்குறைய 8.25. √50 ஏறக்குறைய 7.07, √18 ஏறக்குறைய 4.24, கூட்டினால் 11.31. சந்தேகம் வந்தால் இப்படித் தோராயமாகப் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். பரீட்சையில் அரை நிமிஷம்கூட ஆகாது.

பாதி டீ இருக்கும்போதே மேஸ்திரி ஒன்று சொன்னார். “சார், இருபது முப்பது சைட்டுக்கு மூலை 36 அடியும் முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைச்சலும். நாற்பது அறுபதுக்கு அதுல சரியா ரெட்டிப்பு.” எழுதிப் பார்த்தோம். 20-க்கு 30 என்றால் 400 + 900, அதாவது √1300. 40-க்கு 60 என்றால் 1600 + 3600, √5200. ஒன்று மற்றதன் இரட்டிப்பு என்று இந்த இரண்டையும் பார்த்து யாரால் சொல்ல முடியும்? 1300-க்குள் 100 இருக்கிறது: 10√13. 5200-க்குள் 400 இருக்கிறது: 20√13. இப்போது இரட்டிப்பு கண்முன் நிற்கிறது. டேப் பிடித்தே மேஸ்திரி கண்டுகொண்டதை மகளின் நோட்டு இரண்டு வரியில் சொல்லிவிட்டது.

இயற்கணிதம் இங்கே தானாக உள்ளே வந்தது. அகலம் 2அ, நீளம் 3அ என்று வைத்துக்கொண்டால், மூலைவிட்டம் √(4அ² + 9அ²). முதலில் உள்ளே கூட்டிக்கொள்ள வேண்டும்: √(13அ²). பிறகு அ² வெளியே அ-வாக வரும்: அ√13. அ-வுக்கு 10 போட்டால் ஒரு மனை, 20 போட்டால் இன்னொரு மனை. கூட்டலை உள்ளேயே முடித்துவிட்டு, பெருக்கலை மட்டும் பிரித்து வெளியே கொண்டுவர வேண்டும். இந்த வரிசை பிடிபட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. √(அ²) எப்போதும் அ-தான் என்று எழுதிவிடக்கூடாது. அ என்பது −3 ஆக இருந்தால் வர்க்கம் 9, அதன் மூலம் 3. மூலக் குறி எப்போதும் குறையெண் அல்லாத மதிப்பையே தரும். மனையின் அகலம் குறையெண்ணாக இருக்காது என்பதால் நாங்கள் தப்பித்தோம். பொதுவாக அ-வின் மட்டு மதிப்பு என்றுதான் எழுத வேண்டும். குறையெண்ணுக்கு வர்க்கமூலம் கிடையாது என்பதைக் கன்னட நாட்டில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், மகாவீரர் என்ற கணிதவியலாளர் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே தன் ‘கணித சார சங்கிரக’த்தில் எழுதி வைத்தார். எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினாலும் குறையெண் வராது என்பதுதான் அதன் அடிப்படை.

ஒளிந்திருக்கும் வர்க்கத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? 4, 9, 16, 25, 36, 49 என்று வர்க்க எண்களை வாய்ப்பாடு மாதிரி மனதில் வைத்துக்கொண்டு, பெரியதிலிருந்து வகுத்துப் பார்க்கலாம். √72-ஐக் கொடுத்தேன். 9-ஐப் பார்த்ததும் 3√8 என்று எழுதி நிறுத்திவிட்டாள். எட்டுக்குள் இன்னும் ஒரு நான்கு இருக்கிறது. அது வெளியே வந்தால் 6√2. முதலிலேயே 36-ஐப் பார்த்திருந்தால் ஒரே எட்டில் முடிந்திருக்கும். பெரிய எண்ணாக இருந்து ஒன்றும் பிடிபடாவிட்டால் பகாக் காரணிகளாகப் பிரித்துவிடுவது நல்லது: 72 = 2 × 2 × 2 × 3 × 3. ஜோடி சேர்ந்தவை வெளியே, ஒற்றை உள்ளே.

சிவப்புக் கோடு விழுந்த அந்த √68-க்குத் திரும்ப வந்தேன். அதை அப்படியே விட எனக்கு மனசில்லை. அவள் பாதி வழி சரியாகத்தான் போயிருந்தாள்.

1114-இல் பிறந்த பாஸ்கரர், 1150-இல் எழுதிய ‘பீஜகணித’த்தில் இந்த எண்களுக்குத் தனியாகவே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். தமிழ்நாட்டுப் பாடநூல் ‘விகிதமுறா மூலம்’ என்று சொல்வதை அவர் கரணி என்றார். அவரிடம் √ குறி கிடையாது. எண்ணுக்கு முன்னால் ‘க’ என்று ஓர் எழுத்து. க 2, க 8. இரண்டையும் கூட்ட அவர் சொல்லும் வழி இது: முதலில் எண்களைக் கூட்டு. பிறகு இரண்டையும் பெருக்கி, மூலம் எடுத்து, இரட்டிப்பாக்கி, முன்பு வந்த கூட்டுத்தொகையோடு சேர். 2-உம் 8-உம் 10, பெருக்கினால் 16, மூலம் 4, இரட்டிப்பு 8, ஆக 18. √2 + √8 = √18. கழித்தலுக்கு அந்த எட்டைச் சேர்க்காமல் குறைத்துக்கொள்ள வேண்டும்: √2.

இதையே அவள் கணக்குக்குப் போட்டோம். 50-உம் 18-உம் 68. அவள் நின்ற இடம் இதுதான். பெருக்கினால் 900, மூலம் 30, இரட்டிப்பு 60. 68-உம் 60-உம் 128. √128-ஐச் சுருக்கினால் 8√2. விட்டுப்போனது அந்த அறுபது.

அந்த அறுபது எங்கே இருக்கிறது என்று மேஸ்திரி மணலில் காட்டினார். ஒரு குச்சியால் எட்டுக்கு எட்டுக் கல் பிடிக்கும் பெரிய சதுரம் ஒன்றைக் கீறினார். ஒரு மூலையில் ஐந்துக்கு ஐந்து, எதிர் மூலையில் மூன்றுக்கு மூன்று. மிச்சம் இரண்டு நீளப் பட்டைகள், ஒவ்வொன்றும் ஐந்துக்கு மூன்று, பதினைந்து கல். இரண்டும் சேர்ந்து முப்பது கல், கல்லுக்கு இரண்டு சதுர அடி வீதம் அறுபது. “இந்த ரெண்டு பட்டையையும் பதிக்காம விட்டுட்டே” என்றார் மகளிடம். நான் இத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பாஸ்கரர் அடுத்து 3-உம் 27-உம் கேட்கிறார். அது √48 என்று அழகாக அடங்கிவிடும். அதோடு நிறுத்தாமல் 3-உம் 7-உம் கேட்கிறார். பெருக்கினால் 21, அதற்கு முழு எண் மூலம் இல்லை. அடங்காது. √3 + √7 என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி விட்டுவிட வேண்டியதுதான், அதுவே விடை. மாணவனுக்குக் கொடுக்கும் உதாரணங்களில் சுருங்காத ஒன்றையும் வைத்த அந்த ஆசிரியர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் கற்றுத்தர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“பகுதியில ரூட் இருக்கக்கூடாதுன்னு மிஸ் சொல்றாங்க, ஏன் சார்?” இந்த முறை அவளாகவே கேட்டாள்.

1/√2-ஐ எடுத்துக்கொள்வோம். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் ஒன்றை 1.41421-ஆல் வகுப்பது பெரும்பாடு. மேலும் கீழும் √2-ஆல் பெருக்கினால் √2/2. இப்போது 1.41421-ஐப் பாதியாக்கினால் போதும், 0.7071. ஒரு டீயை ‘பை டூ’ போடுகிற மாதிரி. இன்றைக்குக் கால்குலேட்டர் இருக்கிறதே என்றால், வேறு காரணமும் இருக்கிறது. 1/√2, √(1/2), √8/4 மூன்றும் ஒரே எண். ஆளுக்கொரு வடிவத்தில் எழுதினால் ஒப்பிட முடியாது. எல்லோரும் ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டால் பார்த்தவுடன் தெரியும். பகுதியில் இரண்டு மூலங்கள் இருந்தால், நடுக்குறியை மாற்றிப் பெருக்க வேண்டும். 1/(√7 − √3)-ஐ மேலும் கீழும் √7 + √3-ஆல் பெருக்கினால், கீழே 7 − 3 = 4. விடை (√7 + √3)/4. பாஸ்கரர் சேர்க்க முடியாமல் விட்ட அதே ஜோடி, இங்கே பெருக்கும்போது நான்காகிவிடுகிறது.

கரணியைக் கூட்டும் அதே வழியைத் திருப்பிப் போட்டால், மூலத்துக்குள் மூலம் இருப்பதையும் அவிழ்க்கலாம். √(8 + 2√15) என்று வந்தால், கூட்டினால் 8, பெருக்கினால் 15 வரும் இரண்டு எண்களைத் தேடு: 3, 5. ஆக √3 + √5. பாஸ்கரர் இன்னும் ஒரு படி போய், 10 + √24 + √40 + √60 என்று நான்கு உறுப்புகளைக் கொடுத்து மூலம் கேட்கிறார். √2 + √3 + √5. வர்க்கப்படுத்திப் பார்த்தால் சரியாக இருக்கும். நாங்கள் பார்த்தோம், சரியாக இருந்தது.

எல்லாவற்றையும் அவிழ்த்துக்கொண்டே போகும்போது, ஒருவர் வேண்டுமென்றே முடிச்சுப் போட்ட கதை ஞாபகம் வந்தது. அதற்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு. அல்சூரில் பர்ப்பிள் லைன் மெட்ரோ ஏறினால் மெஜஸ்டிக்குக்கு ஒரு நிறுத்தம் முன்பாக ஸர் எம். விஸ்வேஸ்வரய்யா நிலையம், சென்ட்ரல் கல்லூரிப் பக்கம். அந்தக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர் எம்.டி. நாராயண ஐயங்கார், இந்தியக் கணிதக் கழகத்தின் இதழுக்கு அவர்தான் ஆசிரியர். 1911-இல், வேலையும் பட்டமும் இல்லாத இருபத்துமூன்று வயது ராமானுஜன் அந்த இதழுக்கு எழுத ஆரம்பித்தார். அவருடைய முதல் கட்டுரை ஆசிரியரிடமிருந்து திருத்தத்துக்காகத் திரும்பத் திரும்பப் போய் வந்தது. முறை புதிது, சொல்வது மிகச் சுருக்கம், சாதாரண வாசகர் தொடர்ந்து வர முடியாது என்பது ஆசிரியரின் கவலை. அதற்காகத் தள்ளிவிடாமல், புரியும்படி எழுத வைத்து அச்சிட்டார். அந்தப் பொறுமைக்காக அவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அதே ஆண்டு, அதே இதழில், வாசகர்களுக்கான கேள்விப் பகுதியில் ராமானுஜன் 289-ஆம் கேள்வியைப் போட்டார். √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) என்று முடிவில்லாமல் போகும் ஒன்றின் மதிப்பு என்ன? மூன்று இதழ்கள் கழிந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. அவரே சொன்னார்: 3.

அவளை 3-லிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். 3 என்பது √9. 9-ஐ 1 + 8 என்று எழுது. 8 என்பது 2 × 4. அந்த 4 என்பது √16. 16-ஐ 1 + 15 என்று எழுது. 15 என்பது 3 × 5. அந்த 5 என்பது √25. 25 என்பது 1 + 24; 24 என்பது 4 × 6. நான்காவது வரியில் அவள் என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு, தானே 6 = √36, 36 = 1 + 5 × 7 என்று போய்க்கொண்டிருந்தாள். சுருக்குவதற்கு நேர் எதிர் திசையில், ஒரு சாதாரண மூன்றை விரித்துக்கொண்டே போவது.

ஆனால் இது மட்டும் நிரூபணம் ஆகாது. விரித்துக்கொண்டே போனது உண்மையிலேயே மூன்றில் வந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் மூலத்தோடு வெட்டினால் √3, 1.73. அடுத்ததில் 2.24, பிறகு 2.56, பிறகு 2.76. மூன்றை நெருங்குகிறது. இப்படி அடுக்கடுக்கான மூலங்கள் எப்போது ஒரு மதிப்பில் நிலைக்கும் என்பதற்குப் பின்னாளில் அளவுகோல் வகுத்தவர் தி. விஜயராகவன், சென்னையில் ராமானுஜன் பெயரில் எழுந்த கணித நிறுவனத்தின் முதல் இயக்குநர் அவர்தான்.

டீ கிளாஸ்களை எடுத்துப்போகக் கடைப் பையன் வந்துவிட்டான். மேஸ்திரி வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

“அடுத்த வாரம் கே.ஆர்.புரம் தாண்டி ஒரு சைட்டுக்குக் குறி போடணும் சார். முப்பதுக்கு நாற்பத்தஞ்சு. அதுக்கு மூலை எவ்வளவு வரும்?”

நான் 900-ஐயும் 2025-ஐயும் மனதில் கூட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் மகள் நோட்டில் எழுதிவிட்டாள்: 15√13. “ரெண்டுக்கு மூணு கணக்குதானேப்பா, அ-வுக்கு 15.” √13 எவ்வளவு என்று கேட்டாள். 3.6055 என்றேன். பெருக்கிப் பார்த்து, அடியை அங்குலமாக்கி அப்பாவிடம் சொன்னாள்:

“54 அடி, 1 அங்குலம்.”

மேஸ்திரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, சிமெண்டு மூட்டை அட்டையில் அதை எழுதிக்கொண்டார்.